உண்ணல் கோளாறும் திறன்பேசிச் செயலிகளும்

பசியைப் பிணி எனக் கண்டு 'பசிப்பிணி' என்றே பெயரிட்டு வழங்கியது தமிழ் மரபு. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை, விருச்சிக முனிவரின் சாபத்தால் 'யானைத்தீ' என்னும் தீராப் பசிநோய்க்கு ஆளாகிறாள். எவ்வளவு உண்டும் ஆறாத அந்நோய், மணிமேகலை அமுதசுரபியிலிருந்து எடுத்தளித்த உணவால் தணிகிறது. உண்ணுதலிலும் நோய் உண்டு, அந்நோய்க்கு ஆட்பட்டவர் ஏளனத்திற்கு உரியவர் அல்லர், பரிவுக்கு உரியவர் என்னும் தெளிவு நம் இலக்கியத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றிருப்பது நினைக்கத்தக்கது.

இக்கால மருத்துவ உலகம் 'உண்ணல் கோளாறுகள்' என்று ஒரு தொகுதி நோய்களை வகைப்படுத்தியுள்ளது. இவை வயிற்றின் நோய்கள் அல்ல. உள்ளத்தில் வேரூன்றி உடலை வருத்தும் நோய்கள். இவற்றுக்கான சிகிச்சையில் அண்மைக் காலமாகத் திறன்பேசிச் செயலிகள் துணைக் கருவிகளாகப் பயன்பட்டு வருகின்றன. எந்நேரமும் நம் இளைஞர் கையில் இருக்கும் அச்சிறு கருவி இந்நோயைத் தீர்க்க எவ்வாறு உதவும், எங்கே உதவாது, எங்கே தீங்கு செய்யும் என்பனவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

உண்ணல் கோளாறுகளுள் மூன்று முதன்மையானவை. உடல் மெலிந்த நிலையிலும் பருத்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் உணவை மறுப்பது 'அனோரெக்சியா நெர்வோசா' எனப்படும். கட்டுக்கடங்காமல் உண்டுவிட்டு, பின்னர்க் குற்றவுணர்வால் அதனை எவ்வாறேனும் வெளியேற்றவோ ஈடுசெய்யவோ முற்படுவது 'புலிமியா நெர்வோசா'. அவ்வாறு வெளியேற்றாமல், தன்வயம் இழந்து மிகுதியாக உண்பதும் அதன்பின் நாணி வருந்துவதுமாகச் சுழல்வது மூன்றாம் வகை. இதனைப் 'பெருந்தீனிக் கோளாறு' எனலாம்.

இவை இக்காலத்தில் திடீரெனத் தோன்றியவை அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு மார்ட்டன் என்னும் மருத்துவர் 1689-ஆம் ஆண்டிலேயே, வேறு நோய் ஏதும் இன்றி உணவை மறுத்து மெலிந்த இருவரைப் பற்றி எழுதினார். 1873-ஆம் ஆண்டில் லண்டனில் சர் வில்லியம் கல் என்பவரும் பாரிசில் சார்லஸ் லாசேக் என்பவரும் தனித்தனியே இந்நோயை விளக்கினர். புலிமியா நெர்வோசாவுக்குத் தனிப்பெயர் தந்தவர் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரசல், ஆண்டு 1979. பெருந்தீனிக் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் தனி நோயாக இடம்பெற்றது 2013-ஆம் ஆண்டில்தான்.

"உண்ணாமல் இருப்பது பிடிவாதம், மிகுதியாக உண்பது பேராசை, இதில் நோய் எங்கே வந்தது?" என்று வினவுவோர் நம்மிடையே உளர். அவர்கள் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமே முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உடலும் உள்ளமும் நலமாக உள்ளவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்கள். பட்டினி நீள நீள அவர்களின் எண்ணம் முழுவதும் உணவையே சுற்றியது. சிலர் சமையல் நூல்களைச் சேகரித்தனர். கிடைத்த சிறு உணவை நெடுநேரம் வைத்துக்கொண்டு உண்டனர். நண்பரை வெறுத்தனர், சோர்ந்தனர், சினந்தனர். பட்டினி முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது சிலரால் உண்பதை நிறுத்த இயலவில்லை. நலமான உள்ளத்தையும் பட்டினி இவ்வாறு திரித்துவிடும் எனின், அச்சத்தால் பட்டினி கிடக்கும் இளம் உள்ளத்தின் நிலை யாதாகும்? உணவைக் குறைத்தல் வேட்கையைப் பெருக்குகிறது. வேட்கை பெருந்தீனியில் முடிகிறது. பெருந்தீனி குற்றவுணர்வைத் தருகிறது. குற்றவுணர்வு மீண்டும் உணவைக் குறைக்கத் தூண்டுகிறது. இச்சுழலே நோயின் உயிர்நாடி.

இந்நோய் விளையாட்டன்று. 2011-ஆம் ஆண்டில் 36 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடப்பட்ட ஓர் ஆய்வுரை, மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றுள் அனோரெக்சியா நெர்வோசாவும் ஒன்று என்பதை உறுதிப்படுத்தியது. அந்நோயால் இறந்தோருள் ஐவரில் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர் என்பதும் அதனால் தெரியவந்தது. காலத்தே சிகிச்சை பெறுவோர் பலர் நலம் பெறுகின்றனர் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

நாட்குறிப்பு என்னும் கருவி

செயலிகளைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், அவற்றுக்கு முன்னிருந்த சிகிச்சை முறையை முதலில் அறிதல் வேண்டும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்னும் மனநல மருத்துவர், புலிமியா நோயாளருக்குரிய அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் அதனை விரித்து, எல்லா வகை உண்ணல் கோளாறுகளுக்கும் பொருந்தும்படி அமைத்தார். கடுமையாக மெலியாத நோயாளருக்கு ஏறத்தாழ 20 வாரங்களில் 20 அமர்வுகள் என்பது அச்சிகிச்சையின் பொது அளவு.

அச்சிகிச்சையின் முதற்படி மருந்தன்று, ஒரு நாட்குறிப்பு. உண்ட நேரம், உண்ட பொருள், உண்ட இடம், அது அளவு மீறியதாகத் தோன்றியதா, வெளியேற்ற முயன்றதுண்டா, அவ்வேளை உள்ளத்தில் என்ன ஓடியது என்பனவற்றை நோயாளி உடனுக்குடன் எழுதி வர வேண்டும். கலோரிக் கணக்கு அதில் எழுதப்படுவதில்லை என்பது குறிக்கத்தக்கது. "இரண்டு இட்லி, சட்னி, விடுதி உணவறை, காலை 8 மணி, தோழி ஒருத்தி என் உடலைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது" என்பது போன்ற எளிய குறிப்பே போதுமானது.

இரண்டாம் படி ஒழுங்கான உணவு. நாளொன்றுக்கு மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவும் என வகுத்து, மூன்று நான்கு மணி நேரத்திற்கு மேல் வயிறு வெறுமையாக இராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன சுழலை அறுப்பது இவ்வொழுங்கே. வாரந்தோறும் மருத்துவர் அந்நாட்குறிப்பை நோயாளியுடன் சேர்ந்து படிப்பார். பெருந்தீனி நேர்ந்த நாளில் மதிய உணவு தவிர்க்கப்பட்டிருப்பதை அது காட்டும். தேர்வு முடிவு வந்த மாலையில் சிக்கல் தொடங்கியதை அது காட்டும். "எனக்கு மனஉறுதி இல்லை" என்று தன்னைத்தானே பழித்துக்கொண்டிருந்த நோயாளி, தன் துன்பத்திற்குக் காரணமும் ஒழுங்கும் இருப்பதைத் தன் கையெழுத்திலேயே காண்பார். நோய்க்குப் பிடி கிடைப்பது அந்த இடத்தில்தான்.

தாளிலிருந்து திறன்பேசிக்கு

நாட்குறிப்பின் வலிமை 'உடனுக்குடன்' என்னும் சொல்லில் உள்ளது. இரவில் படுக்கப் போகும்முன் நினைவிலிருந்து எழுதும் குறிப்பில் நேரமும் மாறும், நெஞ்சின் நிலையும் மங்கும். மனிதர் தாளில் உடனுக்குடன் எழுதுகின்றனரா? இதனைச் சோதிக்க ஆர்தர் ஸ்டோன் முதலிய அமெரிக்க அறிஞர்கள் நாட்பட்ட வலியால் வருந்துவோரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2002-ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். தாள் நாட்குறிப்பின் உறைக்குள், அது திறக்கப்படும் நேரத்தைப் பதிவு செய்யும் ஒளியுணர் கருவியை மறைத்து வைத்தனர். குறித்த நேரத்தில் எழுதியதாக நோயாளர் காட்டிய பதிவுகள் 90 விழுக்காடு. உண்மையில் குறித்த நேரத்தில் எழுதப்பட்டவையோ 11 விழுக்காடு. நாட்குறிப்பே திறக்கப்படாத நாள்களுக்கும் குறிப்புகள் நிறைந்திருந்தன. ஒலியெழுப்பி நினைவூட்டும் மின்னணுக் கருவியைப் பெற்றவர்களோ 94 விழுக்காடு உரிய நேரத்தில் பதிந்திருந்தனர்.

இவ்வாய்வு உண்ணல் கோளாறு பற்றியது அன்று. எனினும் அதன் பாடம் இங்கும் பொருந்தும். மேலும், உண்ணல் கோளாறு உடையவருக்கு நாணம் ஒரு தனிச்சுமை. கல்லூரி உணவறையில் நண்பர் நடுவே ஒரு தாளை எடுத்து எழுதினால் "என்ன எழுதுகிறாய்?" என்ற கேள்வி வரும். திறன்பேசியில் எதையோ தட்டுபவரை இக்காலத்தில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டத்தின் நடுவிலும் தனிமை தருவது அக்கருவியின் சிறப்பு.

செயலி செய்யும் பணிகள்

இவ்வகைச் செயலிகளுள் பலரும் அறிந்த ஒன்று 'ரெக்கவரி ரெக்கார்ட்'. அதன் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு செயலிகளின் பணிகளை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது பதிவு. உணவும் உணர்வும் எண்ணமும் ஒருங்கே குறிக்கப்படுகின்றன. இரண்டாவது நினைவூட்டல். உணவு நேரத்தை நோயாளி முன்கூட்டியே அமைத்துக்கொண்டால், செயலி அந்நேரத்தில் அழைக்கும். உண்ண அஞ்சும் ஒருவருக்கு "இப்போது உண்ணும் நேரம்" என்று சொல்லும் குரல் சிறிதன்று. மூன்றாவது துணையுரை. பெருந்தீனி உந்துதல் எழும்போது செய்யத்தக்கவற்றை, நோயாளி அமைதியாக இருந்த வேளையில் தாமே எழுதி வைத்திருப்பார். உந்துதல் அலைபோல் எழுந்து அடங்கக்கூடியது. அது அடங்கும்வரை ஒருவருக்குத் தொலைபேசியில் பேசுவது, வெளியே நடந்துவிட்டு வருவது போன்ற அக்குறிப்புகளைச் செயலி அந்நேரத்தில் எடுத்துக் காட்டும். நான்காவது, நான்கினும் தலையாயது, இணைப்பு. நோயாளி இசைந்தால் அவருடைய பதிவுகள் மருத்துவரின் திரைக்குச் செல்லும். வாரம் ஒருமுறை மட்டும் சந்திக்கும் மருத்துவர், இடைப்பட்ட ஆறு நாள்களையும் அறிந்தவராக அமர்வுக்கு வருவார்.

இச்செயலியைப் பற்றி அதனை உருவாக்கிய உளவியலாளர் ஜென்னா ட்ரிகார்த்தனும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்களும் 2015-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி நம்மை நிறுத்தி எண்ண வைக்கிறது. அதனைப் பயன்படுத்தியவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் எவ்விதச் சிகிச்சையும் பெறாதவர். மூன்றில் ஒரு பங்கினர் தம் நோயைப் பற்றி எவரிடமும் வாய் திறவாதவர். பெற்றோரிடமும் தோழரிடமும் சொல்லாத ஒன்றைத் திறன்பேசியிடம் சொல்லியிருக்கின்றனர். இதனை இருவகையாகவும் நோக்கலாம். பூட்டிய கதவில் ஒரு சாளரமாவது திறந்தது எனலாம். சாளரத்தோடு நின்றுவிட்டால் உள்ளிருப்பவருக்கு விடுதலை ஏது எனவும் கேட்கலாம்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

செயலிகளின் பயனைப் பற்றி விளம்பரங்கள் கூறுவது ஒன்று. ஆய்வுகள் கூறுவது மற்றொன்று. நாட்குறிப்பு முறைக்கு அடித்தளமிட்ட ஃபேர்பர்னே, எமிலி ராத்வெல் என்பவருடன் சேர்ந்து, 2015-ஆம் ஆண்டில் உண்ணல் கோளாறு குறித்த செயலிகளை ஆராய்ந்தார். முதலில் கண்டெடுத்தவை 805. உண்மையில் உண்ணல் கோளாறுக்கென அமைந்தவை என வடிகட்டியபின் எஞ்சியவை 39 மட்டுமே. அவற்றுள்ளும் தரமான அறிவுரையோடு தரமற்றவையும் கலந்திருந்தன.

2017-ஆம் ஆண்டில் டாம் ஹில்டபிராண்ட் முதலியோர் அமெரிக்காவில் பெருந்தீனிச் சிக்கல் உடைய 66 பேரிடம் ஒரு சோதனை நடத்தினர். அனைவருக்கும் வழிகாட்டியின் துணையுடன் கூடிய தற்சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு மட்டும் அதனுடன் பதிவுச் செயலியும் தரப்பட்டது. செயலி பெற்றோர் வேளை தவறாமல் உண்பதில் மேம்பட்டிருந்தனர். அவர்களின் பெருந்தீனி நிகழ்வுகளும் சிகிச்சைக் காலத்தில் மிகுதியாகக் குறைந்தன. ஆனால் ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது இரு சாராருக்கும் இடையே அவ்வேறுபாடு நிலைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் லினார்டன் குழுவினர் 392 பேரிடம் ஓர் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைச் செயலியைச் சோதித்து 2020-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். செயலி பெற்றோருக்கு நோய்க்குறிகள் குறைந்தன. எனினும் கணிசமானோர் நடுவிலேயே விலகினர். அதே ஆண்டில் ஸ்பெயினிலிருந்து வெளிவந்த ஆய்வு வேறுவிதமாக அமைந்தது. அங்கு ஏற்கெனவே மருத்துவமனைகளில் முறையான சிகிச்சை பெற்றுவந்த 106 பேருள் ஒரு பகுதியினருக்குச் செயலியும் தரப்பட்டது. இரு சாராரும் நலமடைந்தனர். செயலியால் கூடுதல் பயன் காணப்படவில்லை.

இம்முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றலாம். கூர்ந்து நோக்கின் இவற்றிடையே இணக்கம் உண்டு. உதவியே இல்லாதவருக்குச் செயலி ஓரளவு உதவுகிறது. எளிய வழிகாட்டுதல் பெறுபவருக்கு அது ஊக்கத்தைக் கூட்டுகிறது. முழுச் சிகிச்சை பெறுபவருக்கு அதனால் சேர்வது சிறிதே. நலம் தருவது சிகிச்சை. செயலி அச்சிகிச்சையை ஒரு நாளின் எல்லா வேளைகளுக்கும் எடுத்துச் செல்லும் ஊர்தி. ஊர்தியில் ஏற்றுவதற்குச் சரக்கு இல்லையெனில் ஓட்டத்தால் பயன் என்ன?

தீங்கு விளையும் இடங்கள்

கத்தி காய் நறுக்கவும் உதவும், கையை வெட்டவும் செய்யும் என்பர். திறன்பேசிக்கும் அவ்வுரை பொருந்தும். உடல் எடையைக் குறைக்க விரும்புவோருக்கென அமைந்த கலோரி எண்ணும் செயலிகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று 'மைஃபிட்னஸ்பால்'. உண்ணல் கோளாறு உடைய 105 பேரிடம் ஷெரி லெவின்சன் முதலியோர் 2017-ஆம் ஆண்டில் வினவியபோது, நால்வரில் மூவர் அச்செயலியைப் பயன்படுத்தியிருந்தனர். பயன்படுத்தியவருள் 73 விழுக்காட்டினர், தம் நோய்க்கு அது ஓரளவேனும் காரணமாயிற்று என்று கருதினர். நோயாளியே கூறும் கருத்து என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. எனினும் எச்சரிக்கை தெளிவானது. சிகிச்சை நாட்குறிப்பில் இல்லாத கலோரி எண்ணிக்கையே இச்செயலிகளின் உயிராக உள்ளது. ஒன்று "உண்டாயா, உள்ளம் எப்படி இருந்தது?" என்று கேட்கிறது. மற்றொன்று "எவ்வளவு குறைத்தாய்?" என்று கேட்கிறது. கடையில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் இளையோர் மயங்குவது இயல்பே.

இரண்டாவது தீங்கு, மனிதரை நீக்கிவிட்டு அவ்விடத்தில் எந்திரத்தை வைப்பது. அமெரிக்காவின் தேசிய உண்ணல் கோளாறு சங்கம் பல ஆண்டுகளாக நடத்திவந்த தொலைபேசி உதவி மையத்தை 2023-ஆம் ஆண்டில் மூடியது. அதே வேளையில் 'டெஸ்ஸா' என்னும் உரையாடல் எந்திரத்தை மக்களின் உதவிக்கு முன்னிறுத்தியது. உண்ணல் கோளாற்றோடு உதவி தேடி வருவோருக்கு அவ்வெந்திரம் எடை குறைக்கும் வழிகளை எடுத்துரைத்தது. நோயின் குரலையே மருந்தின் குரலாகப் பேசியது எனலாம். அச்செய்தி வெளியானதும், 2023 மே மாத இறுதியில் சங்கம் அதனை விலக்கிக்கொண்டது. நோயாளி சொல்லாமல் விட்டதை உணர்ந்து, ஒரு கணம் தயங்கி, "நீங்கள் இன்று உண்டீர்களா?" என்று கேட்கும் செவிலியின் இடத்தை விடைகளை அடுக்கும் எந்திரத்தால் நிரப்ப இயலாது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது மறைகாப்பு. நோயாளியின் எடையும் நாணமும் கண்ணீரும் பதிந்த ஏடு எவர் கையில் உள்ளது? அமெரிக்காவில் இணையவழி மனநல ஆலோசனை வழங்கும் நிறுவனம் ஒன்று, தன்னிடம் வந்தோரின் விவரங்களை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டதாக எழுந்த குற்றச்சாட்டில் 78 இலட்சம் டாலர் செலுத்த 2023-ஆம் ஆண்டில் இசைந்தது. எனவே ஒரு செயலியை ஏற்கும்முன், அதனை உருவாக்கியவர் யார், பதிவுகளை எவர் காண்பர், வேண்டாதபோது அழிக்க இயலுமா என்பவற்றைக் கேட்டறிவது கடமையாகும்.

இவற்றுடன் இன்னொன்றையும் கூற வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, விரைவான மெலிவு, தொடர் வாந்தி, உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவை தோன்றின், அது செயலியின் எல்லையைக் கடந்த நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்வதே வழி.

நம் வீடும் விடுதியும்

இவையெல்லாம் மேலைநாட்டுச் செல்வர் வீட்டு நோய்கள், நமக்கு என்ன என்று எண்ணுவது பொருந்தாது. சென்னையைச் சார்ந்த மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவரிடையே நடத்தி 1995-ஆம் ஆண்டில் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் உண்ணல் சார்ந்த மனத்துயர் காணப்பட்டது. அது முழுநோய் அன்று. நோயின் மென்மையான வடிவம் என்றே அவர்கள் குறித்தனர். திறன்பேசி நம் நாட்டிற்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே நிலை அதுவாக இருந்தது. ஆண்களுக்கு இந்நோய் வாராது என்பதும் தவறான எண்ணமே.

நம் வழக்கங்களுள் இந்நோயாளருக்குத் துணையாவனவும் உண்டு, நோய்க்குத் திரையாவனவும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் விருந்துகளில் ஒரே சகனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பர். அங்கே கலோரிக் கணக்கு செல்லாது. எவர் எவ்வளவு உண்டார் என்று எந்தச் செயலியும் அளக்க இயலாது. ஆனால் ஒருவர் கை பின்வாங்குவதை மற்ற மூவரும் காண்பர். "ஏம்மா, கை ஓயுது?" என்று பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்பது நல்ல தொடக்கமாகும். அதே விருந்தில் "நல்லா ஊதிப் போயிட்டியே" என்று சிரித்துச் சொல்லும் சொல், சிலர் உள்ளத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ரமலான் மாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இறைவனுக்காக நோற்கும் நோன்பும், நோயின் கட்டளைக்குப் பணிந்து கிடக்கும் பட்டினியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். உணவை மறுக்கும் நோய் நோன்பின் பின்னே ஒளிந்துகொள்ள இடமுண்டு. மூன்று நான்கு மணிக்கொரு முறை உண்ண வேண்டும் என்பதே சிகிச்சையின் அடிப்படையாக இருக்க, நீண்ட வெறுவயிறும் அதன்பின் வரும் பெரும்பசியும் பழைய சுழலை மீண்டும் தொடக்கிவிடக்கூடும். நோயுற்றோருக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது நம் பெரியோர் நன்கறிந்ததே. உள்ளத்தின் நோயும் நோயே என்பதை ஏற்று, மருத்துவரையும் மார்க்கம் அறிந்த ஆலிமையும் கலந்து முடிவு செய்தல் நலம். பகலில் உண்ணும் அப்பிள்ளையிடம் "ஏன் நோன்பு இல்லை?" என்று பிறர் முன்னிலையில் கேளாதிருப்பது நாம் செய்யக்கூடிய உதவியாகும்.

ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் நோயைக் கண்டறியும் மருத்துவர் அல்லர். ஆயினும் முதலில் காண்பவர் அவர்களே. உணவறைக்கு வாராமை, உண்டவுடன் எழுந்து மறைதல், எடையைப் பற்றியே ஓயாது பேசுதல், கூட்டாக உண்பதைத் தவிர்த்தல் ஆகியவற்றைக் காணின், தனியே அழைத்துக் கனிவோடு கேட்கலாம். "உன் உடல் மெலிந்துவிட்டதே" என்பதைவிட "உன்னைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது" என்பது மேலானது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அங்கே மறுமுனையில் பேசுவது மனிதக் குரல்.

மருத்துவரைக் கண்டபின் செயலியைப் பயன்படுத்த விரும்பும் மாணவர் அதனை அவரிடமே கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். கலோரியும் எடையும் எண்ணும் செயலிகளைத் திறன்பேசியிலிருந்து நீக்கிவிடட்டும். செயலி கிடைக்கவில்லையெனினும் குறையில்லை. திறன்பேசியில் உள்ள குறிப்பேடும் கடிகார மணியும் போதும். உண்டதையும் உணர்ந்ததையும் உடனே எழுதி, வாரம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டினால் பணி நடந்தேறும்.

நிறைவுரை

அனைத்தையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். உண்ணல் கோளாற்றின் பெருவலிமை அதன் மறைவில் உள்ளது. செயலி அம்மறைவை முதலில் உடைக்கும் கருவியாக அமையலாம். உடனுக்குடன் உண்மையை எழுத அது உதவுகிறது. ஆயினும் எழுதியவற்றைப் பரிவோடு படிப்பதற்கு ஒருவர் வேண்டும். படிப்பவர் இல்லாத நாட்குறிப்பு, நோயாளி தம்மோடு தாமே பேசிக்கொள்ளும் இன்னொரு தனிமையாக முடிந்துவிடும்.

காயசண்டிகையின் பசியைத் தணித்தது அமுதசுரபி என்றே பொதுவாகக் கூறுகிறோம். அப்பாத்திரம் மணிமேகலை கைக்கு வருமுன் கோமுகிப் பொய்கையின் நீருக்குள் நெடுங்காலம் கிடந்தது. அப்போது அதனால் எவர் பசியும் தீரவில்லை. அதனை ஏந்திச் சென்று, பசித்தவளின் முகம் பார்த்து உணவிட்ட கை ஒன்று வந்த பின்னரே நோய் தீர்ந்தது. இன்றைய இளைஞர் கையில் உள்ள திறன்பேசியும் அத்தகைய பாத்திரமே. அதனருகே கை நீட்ட வேண்டியவர் பெற்றோர், ஆசிரியர், தோழர், மருத்துவர் ஆகிய நாம் அனைவரும் ஆவோம்.